முதலில் உள்ளே போகிறவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று எங்கள் மென்பொருள் பயனர் குழுச் சந்திப்பு. என் பட்டியலில் எல்லாம் தயார்: புரொஜெக்டர், மைக், பெயர் அட்டைகள், முப்பது நாற்காலிகள். ஆட்கள்தான் இல்லை. நான் இதுவரை சந்திப்புகள் நடத்திவந்த பெர்லினில் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே பத்தரை ஆகிறது. முதன்முறையாக மேடையில் பேச பினாங்கிலிருந்து வந்திருக்கும் நூருல், காலி நாற்காலிகளைப் பார்த்து, தேதியை மாற்றிச் சொல்லிவிட்டோமா என்று கேட்கிறாள்.

கீழே இறங்கிப் பார்க்கிறேன். எதிர் டீக்கடையில் லேப்டாப் பையோடு இருபது பேர்.

"இன்னாம்மா, நீயும் மீட்டிங்கா?" என்கிறார் டீ மாஸ்டர்.

"ஆமாண்ணா. ஏன் யாருமே மேல வரல?"

"காலி ரூம்ல மொதல் ஆளா போய்க் குந்த அல்லாருக்கும் வெக்கம். 'நீ போ மச்சான், நீ போ'ன்னு சொல்லிகினு கீறாங்க. இது மூணாவது டீ."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ கேனைத் தூக்கிக்கொண்டு அவரே படியேறுகிறார். இருபது பேரும் கேனுக்குப் பின்னாலேயே வருகிறார்கள். நூருல் ஓடிவந்து, முதல் பெயர் அட்டையை மாஸ்டர் கழுத்திலேயே மாட்டிவிடுகிறாள்.

என் பட்டியலில் புரொஜெக்டருக்கும் மேலே ஒரு வரி சேர்க்கிறேன்: முதலில் உள்ளே போக ஒருவர்.