வலைக்குப் பக்கத்தில் வெல்டிங்

வெல்டிங் நடக்கும் இடத்தில் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது. இருந்தால் பொருளை நகர்த்த வேண்டும். முடியாவிட்டால் வேலையை நகர்த்த வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் பொருளைத் தீப்பிடிக்காத துணியால் மூடி, வேறு வேலை இல்லாத ஒருவரைத் தண்ணீரோடு காவல் நிறுத்த வேண்டும். தொழிற்சாலைகளுக்கு இதைப் படித்துக் காட்டியே ஓய்வுபெற்றவன் நான். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

தோணிரேவு என்ற உப்பேரிக் கரை ஊரில் என் மனைவியின் தம்பிக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. இங்கே ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதற்கு ஊர் முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். தன் நாளைத் தவறவிட்டவன் அடுத்த சுற்று வரை கரையில் உட்கார வேண்டியதுதான். மறுநாள் விடியற்காலை மச்சானின் பாடு. வலையைக் காயவைத்து, போடும் வரிசைப்படி படகில் அடுக்கியும் விட்டான். அப்போதுதான் இன்ஜின் மாட்டும் இரும்புச் சட்டம் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தான்.

போல்ட்டெல்லாம் உப்பில் இறுகிப்போய், சட்டம் கழல மறுத்தது. படகைக் கரையோர வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்கள்.

"வலைய இறக்கிட்டு வேலைய ஆரம்பி" என்றேன்.

"இன்னா மாமா நீங்க. அடுக்குன வலைய கலைச்சா திரும்ப அடுக்கவே ராத்திரி ஆயிடும். ஈரச் சாக்கு போட்டு மூடிக்கலாம்."

ஈரச் சாக்கு ஏன் போதாது என்பதை நான் விவரமாகச் சொன்னேன். நைலான் எரியும், ஃபைபரும் எரியும், முகமூடிக்குள் இருக்கும் வெல்டருக்குப் பக்கத்தில் என்ன எரிந்தாலும் தெரியாது, அதனால் வேறு வேலை இல்லாத ஒருவர் காவல் நிற்க வேண்டும். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"காவலுக்கு வேற வேலை இல்லாத ஆள்தான வேணும்னு சொன்னீங்க? நீங்களே நில்லுங்க சார்."

வாளித் தண்ணீரோடு நின்றேன். ஏரிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாக்கின் ஓரத்திலிருந்து புகை வந்தது.

"மெஷின ஆஃப் பண்ணு" என்று கத்தினேன்.

"வலை எரியுது மாமா, தண்ணிய ஊத்துங்க."

"முதல்ல ஆஃப் பண்ணு."

கடைக்காரர் முகமூடியைத் தூக்கி, என்னை ஒருமுறை, புகையை ஒருமுறை பார்த்து, ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். அதன் பிறகே ஊற்றினேன். வலையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"உடனே ஊத்தியிருந்தா கை நுழையற ஓட்டையோட போயிருக்கும்" என்றான் மச்சான்.

"கரண்ட் ஓடற இடத்துல தண்ணி ஊத்துனா ஓட்டை வலையில இருந்திருக்காது, நம்ம மூணு பேர்ல ஒருத்தன் இல்லாம போயிருப்பான்."

"நீங்க சட்டம் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே சாக்கு காஞ்சிபோச்சு மாமா."

காலி வாளியைக் கீழே வைத்தேன்.

மச்சானும் அவன் மனைவியும் ஓட்டையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பின்னினார்கள். மீதி வெல்டிங்கை, வலை முழுக்க மணலில் இறங்கிய பிறகுதான் கடைக்காரர் தொட்டார். யாரும் சொல்லாமலே இறக்கினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்னலும் முடிந்தது, சட்டமும் ஒட்டியது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து வலையை அடுக்கினோம். என் வேலை, அவர்கள் சொல்லும் இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது. விடியும் முன் படகு போய்விட்டது. பாடு தப்பவில்லை.

அந்த வாரமே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினேன்: கரையோரக் கடைகளுக்குத் தீயணைப்பான் வேண்டும், அதைப் பிடிக்கக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும். தீப்பிடித்த விவரத்தையும் சேர்த்தேன். மச்சான் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "பதில் வந்துச்சா மாமா, இல்ல அதுவும் காஞ்சிபோச்சா?" கடைக்காரர் அதற்குள், கடையில் காற்று மறைப்புக்குப் பழைய லாரித் தார்ப்பாய் மாட்டியிருந்த இடத்தில் தகரத் தடுப்பு வைத்துவிட்டார்.

பதில் வந்தது. மனு பரிசீலனையில் உள்ளது, அலுவலர் நேரில் பார்வையிடும் வரை தீப்பிடித்த இடத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வைத்திருக்கவும் என்று இருந்தது. தீப்பிடித்த இடம் அந்த நேரத்தில் நடு ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று மறுபடியும் மச்சானின் பாடு.