மத்தி எண்ணெய் குடித்த மரம்

இமயமலையில் ஒரு பனியாறு பின்வாங்கிய இடம். கல்லும் மண்ணுமான குவியலிலிருந்து ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு மரமே இல்லை. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது: இங்கே காடு இருந்திருக்கிறது, பனி முன்னேறி வந்து அதைச் சாய்த்திருக்கிறது! இந்த மரம் எப்போது செத்தது என்று தெரிந்தால் பனி எப்போது வந்தது என்று தெரிந்துவிடும். செத்த மரத்தில் கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் வயது கிடைக்கும்.

என் ஆய்வேடே அந்த ஒரு துண்டை நம்பித்தான். அலுமினியத் தாளில் சுற்றி, வெறுங்கை படாமல் கோவளத்து வீடு வரை கொண்டுவந்தேன். மறுநாள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். படகோட்டும் அண்ணனிடம் பெருமையடிக்கத் தாளைப் பிரித்தேன். அப்படியே போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் மத்தி நாற்றம். படகுக்குப் பூசும் மீன் எண்ணெயில் கந்தலை முக்கி, கட்டையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான் அண்ணன்.

"இன்னாண்ணா பண்ற?"

"காஞ்சிபோய் வெடிச்சுகினு கீது. சும்மா பாத்துகினு இருக்கச் சொல்றியா? ரெண்டு பூச்சு போட்டா உன் பேரன் காலம் வரிக்கும் நிக்கும்."

"நிக்கவா கொண்டாந்தேன்? எரிச்சு அளக்கக் கொண்டாந்தேன்!"

"எரிக்கவா? அதுக்கா இமயமலை போன? வூட்டுப் பின்னால சவுக்குக் கட்டை கெடக்குதே!"

கந்தலைப் பிடுங்கி எறிந்தேன். எப்போதோ செத்த மரத்துக்குள் போன மாதத்து மத்தியின் கார்பன்! இனி அளந்தால் மரம் இளசு என்று பொய் சொல்லும். கழுவினாலும் எண்ணெய் முழுக்கப் போகும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? "நல்லதுதானே செஞ்சேன்" என்று அவன் முனகியது இன்னும் எரிச்சலூட்டியது. நல்லதுதான், யார் கேட்டார்கள்? தாளை மூடாமல் குளிக்கப் போனவள் நான், என்னை எதால் அடிப்பது?

 கோபத்தோடு கட்டையையே முறைத்துக்கொண்டிருந்தபோது, பட்டை இன்னும் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது; அப்படியென்றால் கடைசி வளையம் வரை எதுவும் உதிரவில்லை. எண்ணெய் வெளிப்புறத்தைத்தான் கெடுத்திருக்கும். நடுவளையம் தப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வளையத்திலும் அது உருவான வருடத்துக் கார்பன்தான் இருக்கும்; நடுவளையம் மரத்தின் சாவைச் சொல்லாது, பிறப்பைத்தான் சொல்லும். சொல்லட்டுமே! வருடத்துக்கு ஒரு வளையம். நடுவிலிருந்து பட்டை வரை எண்ணினால் மரம் எத்தனை வருடம் வாழ்ந்தது என்று தெரியும். பிறந்த வருடத்தோடு அதைக் கூட்டினால் செத்த வருடம் வந்துவிடும்.

ஆய்வகத்தில் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

"என் ரம்பத்த எடுத்துக்கயேன்" என்றான் அண்ணன்.

"அதுலயும் எண்ணெதான். கிட்ட வராத!"

நாளை காலை புது ரம்பம் வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, குறுக்கே அறுக்கப் போகிறேன். வெடிப்பு வழியாக எண்ணெய் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று அப்போது தெரியும்.