நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்குப் பரிசோதனை?

என் மகன் கதிருக்குப் பேச்சு குழறியது. வில்சன் நோய் என்றார்கள். செம்பு உடம்பில் தங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கும் அபூர்வ நோய். போன வருடம் மழைக்காலத்தில், புனேயில் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். எட்டு வயது மகள் யாழினியையும் கூட்டிவரச் சொன்னதுதான் உறுத்தியது. காய்ச்சல்கூட அதிகம் வராத பிள்ளை.

நாங்கள் இருப்பது புனேக்கு வெளியே, கம்பெனிகள் நிறைந்த சாகண். ஆலோசகர் இருக்கும் சிவாஜிநகர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் போசரி வரவே ஒன்றரை மணி நேரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த ரோட்டை நம்பாதீர்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நாசிக் பாட்டா, பிறகு மெட்ரோ. வழியெல்லாம் கணவரிடம் புலம்பினேன். மருந்தே எழுதாதவரை எதற்குப் பார்ப்பது? லேபுக்கு ஆள் பிடிப்பவராகத்தான் இருக்கும்.

ஆலோசகர் புனேயிலேயே கராடியில் வளர்ந்த தமிழ் இளம்பெண். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். தமிழ் பேசி மடக்கப் பார்க்கிறார் என்று அதையும் சந்தேகித்தேன். உறவுமுறைகளைக் கேட்டுப் படமாக வரைந்தார். கணவர் எனக்கு மாமா மகன். சொந்தத்தில் கட்டியதைக் குத்திக்காட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. எங்கள் இருவரிடமும் நோயில்லாமலே அந்த மரபணுக் கோளாறு இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார். யாழினிக்கும் பார்த்துவிட வேண்டுமாம்.

“இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?” என்று கேட்டேவிட்டேன். கணவர் தலை குனிந்துகொண்டார்.

“ஒண்ணும் இல்ல மேடம். எந்த லேப்ல வேணா பாருங்க. இன்னைக்கு வேணாம்னாலும் சரி. ஆனா பாக்காம மட்டும் விட்டுடாதீங்க.”

அன்று ரத்தம் கொடுக்காமலே திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து, நாங்களாக விசாரித்த சிஞ்ச்வட் லேபில் கொடுத்தோம். யாழினிக்கும் அதே நோய் இருந்தது.

பரிசோதனை முடிவோடு மறுபடி அந்த ஆலோசகரிடமே போனோம். எங்களை விட்டுவிட்டு முதலில் யாழினியோடுதான் பேசினார்.

“அண்ணன் மாதிரி எனக்கும் பேச்சு வராதா?”

“அதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டோம்ல? மாத்திரைய மட்டும் விடக் கூடாது. உனக்கு வேற என்ன கேக்கணும்?”

பள்ளியில் சொல்லலாமா என்று கேட்டாள். அரை மணி நேரம் அதையே பேசினார்கள். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து அழுதேன்.

ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ஈரல் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன. கதிரின் பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.