தைம் செடிக்குக் கவ்வாத்து

ஒரே ஒரு மலை இருந்துச்சாம். அந்த மலையில ஒரே ஒரு பொலித்தீன் கூடாரம். கூடாரத்துக்குள்ள யாருக்கும் வேண்டாத ஒரு செடி. செடிக்குப் பக்கத்துல, அதை வித்தே தீருவேன்னு ஒரு பையன். எங்கள் தாத்தா இருந்திருந்தால் இப்படித்தான் தொடங்கி, மூன்றாவது வரியில் ஒரு ராட்சசனைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சுலபமாக்கியிருப்பார். என் கதையில் ராட்சசன் இல்லை. வாடிக்கையாளர்கள்தான் இருக்கிறார்கள்.

மருந்து என்று யாரும் நம்பாத, கறியில் யாரும் போடாத ஓர் இலையைக் கட்டுக்கட்டாக விற்பதுதான் என் தொழில். காப்புறுதி முகவர்களே, வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்களே, கேட்காதவர்களின் கதவைத் தட்டிப் பிழைக்கிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. அவர்கள் அரிசி விற்கிறார்கள்.

கூடாரம் தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. சொந்தக்காரர் குலசிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்ற அதிகாரிகள் கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவர் தைம் நட்டார். ஊருக்கு நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

பெயர் வைக்காத பிள்ளை

பதுளை ஞாயிற்றுச் சந்தையில் முதல் நாள். ஒரு பெரியவர் வந்து ஒரு தண்டைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தார். "ஓமம்" என்றார். இல்லைங்க, தைம் என்றேன். மறுபடி முகர்ந்தார். "ஓமம்தான்." அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. ஓமத்தில் இருக்கிற அதே வாசனைச் சத்துதான் இதிலும் இருக்கிறது. ஆனால் அது வேறு குடும்பம், இது வேறு குடும்பம். இது துளசி, புதினாவுக்குச் சொந்தம். இதையெல்லாம் பத்து நிமிடம் விளக்கினேன். கிரேக்கர்கள் கோயிலில் தூபம் போட்ட செடி என்றும், பெயர்கூட அங்கிருந்துதான் வந்தது என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தமிழ்ல என்னா பேரு?" என்றார். தமிழில் பெயர் இல்லை என்றேன். கசக்கிய தண்டைப் பக்குவமாகக் கட்டுக்குள்ளேயே செருகி வைத்துவிட்டுச் சொன்னார்: "பேரு வைக்காத புள்ளய யாரு தம்பி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவா?"

இருமல்

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் சரித்திரத்தைக் கூட்டினேன். வியாபாரம் படுத்தால் பேச்சைக் கூட்டுவது நம் தொழிலின் முதல் விதி அல்லவா? யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், மாற்றலாகி வந்து பதுளையிலேயே இருந்துவிட்டவர், இருமலுக்கு ஏதாவது இலை இருக்கிறதா என்று கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இருமலுக்குத் தைம் கஷாயம் உண்மையிலேயே பழைய கைமருந்து. அந்த ஒரு வரியைச் சொல்லி நிறுத்தியிருந்தால் ஒரு கட்டு போயிருக்கும்.

நான் எகிப்திலிருந்து தொடங்கினேன். அங்கே பிணம் கெடாமல் பாடம் பண்ணுவதற்கு இதைச் சேர்த்தார்கள் என்றேன். ரோமர்கள் குளிக்கிற தண்ணீரில் போட்டார்கள், பிறகு ஐரோப்பாவில் கெட்ட கனவு வராமலிருக்கத் தலையணைக்கடியில் வைத்தார்கள், இறந்தவர் நல்ல இடம் போய்ச் சேரவேண்டுமென்று பெட்டிக்குள்ளும் வைத்தார்கள் என்று கோர்வையாகச் சொல்லி முடித்தேன். டீச்சர் கையிலிருந்த கட்டை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்துக் கடையில் கற்பூரவள்ளி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, நின்று நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நான் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தனான். நீர் என்னைச் சவப்பெட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போட்டீர்."

இரண்டு இலை, ஒரு மொட்டு

சரோஜா அக்கா வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு. கூடாரத்துக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் வீடு; தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. பதினைந்து வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர். முதல் நாள் தைம் பாத்தியில் இறக்கிவிட்டு நான் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் பாத்தி முழுவதும் நுனி நுனியாகக் கிள்ளப்பட்டிருந்தது. தேயிலைக் கணக்கில் இரண்டு இலை, ஒரு மொட்டு. தைம் இலை அரிசியில் பாதி அளவு என்பதை அந்தக் கைகள் பொருட்படுத்தவேயில்லை. கிள்ளியதையெல்லாம் பழக்க தோஷத்தில் தோளுக்கு மேலே பின்னால் வீசியிருக்கிறார். முதுகில் கூடை இல்லை. ஆகவே நடைபாதை முழுவதும் தைம். பாத்தியில் மொட்டைக் குச்சிகள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு, இதைத் தண்டோடு வெட்டிக் கட்டவேண்டும் என்று சொல்லி, வழக்கம்போல எகிப்துக்குக் கிளம்பினேன். அவர் ஒரு நுனியை வாயில் போட்டு மென்றார். "இது ஸாத்தர் மாதிரில்ல இருக்கு?" என்றார். லெபனானில் வீட்டு வேலை செய்தவராம். அங்கே இதைக் காயவைத்துப் பொடித்து, எள்ளும் உப்பும் புளிப்பும் சேர்த்து, எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவுவார்களாம். எனக்குத் தெரிந்த எகிப்து புத்தகத்தில் இருந்தது. அவருடைய லெபனான் நாக்கில் இருந்தது. "ஆறு வருசம் காலையில காலையில இதத்தான் தின்னேன் தம்பி, ஒருத்தர்கூட ஒக்கார வச்சுச் சரித்திரம் சொல்லல."

தட்டின் ஓரம்

சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல என்ற ஊர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இருந்து ஒரு செஃப் வந்தார். லுணுகலைக்காரர், நம்ம ஆள். ஐயா அவருக்காக ஒவ்வொரு பாத்தியிலும் பலகை நட்டிருந்தார்: சாதாரண தைம், எலுமிச்சை வாசனைத் தைம், தரையில் படரும் தைம், இலையெல்லாம் பஞ்சுபோல மயிர் முளைத்த தைம். கடைசி வகையை எதற்கு வளர்க்கிறோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தடவிப் பார்க்க நன்றாக இருக்கும்.

செஃப் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வருவேன், அன்றைக்குச் செடி செழிப்பாக இருந்தால் தினமும் கட்டு எடுக்கிறேன் என்றார். அந்த ஆர்டர் வந்தால் சரோஜா அக்காவுக்கு நிரந்தரச் சம்பளம் என்று ஐயா என் முன்னால்தான் வாக்குக் கொடுத்தார். அக்காவுக்கு அது சும்மா வார்த்தை அல்ல. இங்கே வந்ததிலிருந்து தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பெயர் விழவில்லை. அடுத்த மாத முடிவுக்குள் திரும்பிப் பெயர் பதியாவிட்டால் லயத்து வீட்டை விடவேண்டும் என்று தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மகள் அந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். நிரந்தரச் சம்பளம் வந்தால் தெமோதரையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு லயத்தை அவரே விட்டுவிடலாம். வராவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு மறுபடி மலை ஏறவேண்டும்.

ஆறு வாரக் கடைசியும் அந்த மாதக் கடைசியும் ஒரே நாளில் விழுந்தன. இவ்வளவு பெரிய விஷயம் இந்தச் சின்ன இலையில் தொங்குகிறதே என்ற மரியாதையில், இது எந்தச் சாப்பாட்டுக்கு என்று செஃபிடம் பணிவாகக் கேட்டேன். "வெள்ளக்காரன் தட்டுல ஓரமா ஒதுக்கி வைக்கிறதுக்கு. ஒதுக்குறப்பவும் பாக்க லட்சணமா இருக்கணும், அதான் முக்கியம்."

கவ்வாத்து

செடிகள் வயதாகி அடிப்பக்கம் கட்டை தட்டிப் போயிருந்தன. செழிப்பு வேண்டுமே! ஐயா ஓய்வு பெற்ற கவ்வாத்துக் கங்காணி ஒருவரைக் கூட்டிவந்தார். முத்துசாமி என்று பெயர். தேயிலையை மொட்டையாக வெட்டிவிடுகிற வேலைக்குத்தான் நம் பக்கத்தில் கவ்வாத்து என்று பெயர். முழங்கால் உயரத்துக்கு வெட்டி எலும்புக்கூடாக நிறுத்தினாலும் தேயிலை கொஞ்ச நாளில் கொழுந்து தள்ளும். அந்த நம்பிக்கையில்தான் இந்த மலையே நிற்கிறது.

தைம் அப்படியில்லை. பச்சை இருக்கிற இடத்தோடு நிறுத்தவேண்டும். கீழே கட்டையில் கத்தி பட்டால் பிறகு தளிர்க்காது. இது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கங்காணி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது ஐயாவிடம் போனேன். "ஐயா, அடிக்கட்டையில வெட்டினா..." என்றேன். ஐயா போனில் யாருக்கோ பாத்தியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனைப் பொத்திக்கொண்டு, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லங்க ஐயா" என்றேன். சந்தையில் முன்பின் தெரியாதவர்களுக்கு எகிப்து ரோம் என்று மணிக்கணக்கில் பேசியவன் நான். சம்பளம் கொடுக்கிறவர் "என்ன" என்றதும் எல்லாம் உள்ளே போய்விட்டது.

சரோஜா அக்கா பாத்திக்கு நடுவில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா தம்பி சொன்னீங்க?" என்றார். சும்மா என்றேன். மதியத்துக்குள் நான்கு பாத்தியும் நான்கு விரல் உயரத்துக்கு வந்துவிட்டன. ஐயா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். கங்காணி கண்ணாடிக் கிளாஸை வாங்கிக்கொண்டு, வெட்டியதை ஒரு சிற்பியைப் போலப் பார்த்துச் சொன்னார்: "மூணு வாரம் பாருங்க தொர, தள்ளிக்கிட்டு வரும்."

மூன்று வாரம்

தள்ளிக்கொண்டு வரவில்லை. முதல் வாரம் ஐயா, "வேர் யோசிக்குது" என்றார். இரண்டாம் வாரம் தண்ணீரைக் கூட்டினார். மூன்றாம் வாரம் உரம் போட்டார். கட்டையில் வெட்டு, கூடுதல் தண்ணீர், உரம் என்று தைமைக் கொல்ல இருக்கிற மூன்று வழிகளையும் வரிசை தவறாமல் செய்து முடித்தோம். சரோஜா அக்கா மட்டும் தினமும் காலையில் வந்ததும் பாத்தியில் குந்தி, ஒவ்வொரு கட்டையாக நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருக்கிறதா என்று. முதலில் சில கட்டைகளில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அவர் எழுந்து கையைத் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் குழாயடிக்குப் போய்விடுவேன். அந்த மாதத்தில் தெமோதரையிலேயே மிகச் சுத்தமான குழாயடி எங்களுடையதுதான்.

ஐயா கங்காணியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து ஒரு கட்டையைப் பிடுங்கி, முறித்து, முகர்ந்து பார்த்தார். தன் பக்கம் தப்பிருக்கலாம் என்ற எண்ணம் அவர் முகத்தில் ஒரு நொடிகூட வரவில்லை. அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது. "அம்பது வருசமா வெட்டுறேன் தொர. நான் வெட்டுன ஒரு செடியும் இப்படி மரியாத கெட்டத்தனமா நடந்துக்கிட்டதில்ல."

மாதக் கடைசி

செஃப் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். நம் நாட்டில் யாரும் செய்யாத அந்தக் காரியத்தை அன்றைக்குப் பார்த்துத்தான் செய்யவேண்டுமா? பாத்திகளைப் பார்த்தார். பலகைகள் மட்டும் அழகாக நின்றன. அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். குலசிங்கம் ஐயா கூடாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடந்தார். குடைமிளகாய் போட்டால் என்ன என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு சரோஜா அக்காவிடம், "சம்பளக் கதையைப் பிறகு பாப்பம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

மிச்சம் நானும் அக்காவும். தோட்டத்து ஆபீஸ் பூட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் கைகால் கழுவி, சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் போட்டார். "பெயர் பதியவா அக்கா?" என்றேன். "பின்ன? புள்ளய றோட்டுலயா படிக்க வைக்கிறது?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எனக்குத் தெரியும் அக்கா, கட்டையில வெட்டினா வராதுன்னு அன்னைக்கே தெரியும் என்று, எனக்கே சரியாகக் கேட்காத சத்தத்தில் சொல்லியும்விட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியும்னு எனக்கும் தெரியும். கங்காணி கையில கத்தி இருந்துச்சு, ஒங்க வாயில என்னா தம்பி இருந்துச்சு?" பதிலுக்கு நிற்காமல் கூடாரத்தின் பின்பக்கத்துக் குறுக்குப் பாதையில், தேயிலைக்குள் ஏறி நடந்தார். கடைசி வளைவு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

தைமுக்கு வெயில் வேண்டும், நீர் வடிகிற மண் வேண்டும், தண்ணீர் அளவாக வேண்டும் என்று வாங்க வந்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த நான், பக்கத்தில் நின்று சத்தம் போட ஓர் ஆளும் வேண்டும் என்பதை மட்டும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.