வண்டி ஓடும்போது எழுந்திருக்காதே

எங்கள் ஊர் நாடகக் கொட்டகை ஒரு காலத்தில் வெண்ணெய் எடுக்கும் ஆலையாக இருந்தது. அங்கே எதைப் போட்டாலும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். வசனம் மறந்தாலும் தட்டுவார்கள், பாதியில் ஒட்டுத்தாடி கழன்று விழுந்தாலும் தட்டுவார்கள். அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரனுக்கு அடுத்தவன் மனம் நோகக் கூடாது. நொந்தாலும் அது தன் கண்ணில் படக் கூடாது.

எழாதவள் ஒருத்திதான். ஆர்லிஸ் ட்வைட். மூன்றாவது வரிசை ஓர நாற்காலி, மடியில் கோட், கோட்டின் மேல் இரண்டு கைகள். சுற்றிலும் ஊரே நிற்க, அவள் பிடித்து வைத்தது போல உட்கார்ந்திருப்பாள்.

பாதி ஊரைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் அவள். அவள் பஸ்ஸில் ஒரே சட்டம், வண்டி நிற்கிற வரைக்கும் எவனும் எழுந்திருக்கக் கூடாது. இடைவேளையில் காபி வாங்கும்போது என்னோடு படித்த மார்வ் அதை வைத்தே அவளைச் சீண்டுவான்.

"என்ன ஆர்லிஸ், வண்டி இன்னும் நிக்கலையா?"

"காபி ஆறுது மார்வ். குடிச்சிட்டு வாய மூடு."

நாடகம் முடிந்ததும் நடிகர்களான நாங்கள் வாசலில் வரிசையாக நின்று கை குலுக்குவோம். பிடிக்கவில்லை என்றால் எங்கள் ஊரில் "வித்தியாசமா இருந்துச்சு" என்பார்கள். ஆர்லிஸ் அந்த மரியாதையைக்கூட எனக்குத் தந்ததில்லை. "நிறைய வசனம் உனக்கு, லைல்" என்பாள், போய்விடுவாள்.

அவளை நான் வெறுத்தேன். காரணம் கை தட்டாததல்ல.

பள்ளியில் நான் ஐஸ் ஹாக்கி ஆடினேன். எங்கள் கோச் எங்ஸ்டாட். அவர் செத்த பிறகு அவர் பெயரைத்தான் ஊர் ஐஸ் ஹாக்கிக் கூடத்துக்கு வைத்திருக்கிறார்கள். தோற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையனை முன்னால் கூப்பிடுவார், மட்டையின் அடிக்கட்டையால் விலாவில் இடிப்பார். பெரும்பாலும் அந்தப் பையன் நான். ஒருநாள் என் அலறல் தாங்காமல் பின்னாலிருந்து எவனோ எழுந்தான். ஓட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸ் சொன்னது இவ்வளவுதான்: "உக்காரு. வண்டி ஓடுது."

அவள் தலைக்கு மேல், பஸ்ஸுக்குள் நடப்பதைக் காட்டும் ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் என்னைப் பார்த்தாளா, அல்லது சாலையை மட்டும் பார்த்தாளா? இத்தனை வருடம் என்னைத் தூங்கவிடாதது அந்தக் கேள்விதான்.

இந்தக் குளிர்காலம் அதை நாடகமாக எழுதினேன். ஹாக்கி நாடகம் என்றதும் கொட்டகைக் கமிட்டிக்கு ஒரே குஷி, படித்துக்கூடப் பார்க்கவில்லை. கோச் வேஷம் நானே கட்டினேன். மேடையில் நாற்காலிகளை அடுக்கி பஸ் செய்தோம். ஓட்டுகிறவளுக்கு ஒரே வசனம், அன்று ஆர்லிஸ் சொன்ன அதே வசனம். ஆர்லிஸை அந்த ஓர நாற்காலியில் வைத்தே குத்த வேண்டும் என்றுதான் எழுதினேன். நியாயம், நீதி என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன்.

முதல் பாதியில் சிரித்தார்கள். பஸ் காட்சியில் நான் மட்டையைத் தூக்கியதும் கூட்டம் அடங்கிப்போயிற்று. மார்வ் எழுந்தான். அவனும் எங்கள் டீமில் ஆடியவன்தான்.

"செத்துப்போன மனுஷன் மேல சேத்த வாரி அடிக்கிறியே, வெக்கமா இல்லையாடா லைல்?"

"உன்னயும்தானடா அடிச்சான்!" என்றேன், மேடையிலிருந்தே.

"அடிச்சதாலதான் கப்பு வாங்கினோம்!"

அவன் வெளியேறினான். பின்னாலேயே வரிசை வரிசையாகக் கிளம்பினார்கள். அப்போதும் மரியாதை குறையவில்லை. முட்டியைத் தாண்டும்போதெல்லாம் "மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த ஒற்றை வசனம் வந்தபோது பத்துப் பேர்கூட இல்லை. விளக்கு போட்டதும் அந்தச் சிலரும் தங்கள் காலணியைப் பார்த்தபடி நழுவினார்கள். ஒருவரும் கை தட்டவில்லை.

ஆர்லிஸ் மட்டும் இருந்தாள். கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்காகத்தான எழுதின?"

"ஆமா. உங்களுக்காகத்தான்."

"நான் சொன்னத அப்படியே போட்டிருக்க. ஒண்ண விட்டுட்ட."

"என்னத்த விட்டேன்?"

"கண்ணாடிய." மேடையில் ஓட்டுகிறவளின் நாற்காலிக்கு மேலே கை காட்டினாள். "ஒவ்வொரு அடியையும் பாத்தேன் லைல். பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

எனக்குக் கையில் இருந்த மட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"நாளைக்கும் நாடகம் உண்டுல்ல?" என்றாள்.

"எவன் வருவான்?"

"நான் வருவேன். கண்ணாடிய மாட்டி வை."