கொழுந்துத் தராசில் பேத்தி

பேத்திக்கு மூன்று வயதில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. மயக்க மருந்து, வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அந்த வாரம்தான் பத்திரிகையில் நாலு முறை படித்திருந்தேன். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்றும் போட்டிருந்தது. எடை தவறினால் மருந்தும் தவறுமே என்று பயந்து, பிள்ளையைத் தேயிலை மலைக்குத் தூக்கிப்போய், கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கில் உட்காரவைத்துத் தொங்கவிட்டேன். கணக்கப்பிள்ளை பத்து கிலோ என்று சீட்டு எழுதித் தந்தார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டாக்டரின் தராசு பன்னிரண்டு காட்டியது. நான் சீட்டை நீட்டி, மறுபடி நிறுக்கச் சொன்னேன். மூன்று முறையும் பன்னிரண்டுதான்.

கொழுந்து பறிக்கும் என் மருமகள் சிரித்தாள். “சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிச்சிருப்பாரு, மாமா. எங்களுக்குத் தினமும் கழிக்கிறதுதானே.”

டாக்டரும் சிரித்தார். “பயப்பிடாதேங்கோ ஐயா. ஒருக்கா, கொஞ்ச நேரம் குடுக்கிற மயக்கத்தால கேடு வந்ததெண்டு தெரியேல்லை. கன தரம், கன நேரம் எண்டால்தான் யோசிக்கவேணும். இவவுக்கு ரெண்டு பக்கமும் இறக்கம் இருக்கு. ஒரே மயக்கத்தில ரெண்டையும் முடிப்பம்.”

ஆபரேஷன் முடியும்வரை வெளியே நின்று மணி பார்த்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம்.

பத்தாம் நாள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் பேத்தியைப் படிகளை எண்ணச் சொன்னேன். முன்பு போலவே ஏழு வரை சரியாக எண்ணினாள். மறுநாளும் எண்ணச் சொன்னேன். அதற்கடுத்த நாள், “நீயே எண்ணு தாத்தா,” என்று விளையாடப் போய்விட்டாள்.