மேஸ்திரியின் முழங்கால்

உள் அறையில் 'மடக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து, பல்லைக் கடித்து அடக்கிய ஒரு முனகல்.

ஹாலில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டர் தலையைத் தூக்கினார். அவருக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா சத்தம்?"

"பீரோ கதவு தம்பி. வயசாயிடுச்சு, கத்தும்."

பீரோ அல்ல, அவள் கணவரின் வலது முழங்கால். இளமை முழுக்க மண்டி போட்டே டைல்ஸ் ஒட்டிச் சம்பாதித்த மனிதர். புதுப் பள்ளிக்கூடத்தின் தரை வேலையை அவருக்கே தருவதா, வேறு ஆளைப் போடுவதா என்று பார்க்கத்தான் காண்ட்ராக்டர் வந்திருக்கிறார். இது கை நழுவினால் மனிதர் உடைந்துபோவார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். எலும்பு முனைகளில் வழவழவென்று குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். சின்ன வயதில் அது தேயத் தேய உடம்பு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தச் செல்கள் சோர்ந்துபோக, தேய்மானம் முந்திக்கொள்ளும்.

"அதுக்கு ரத்தக்குழாய் கிடையாதுங்க. காலை அசைச்சாத்தான் மூட்டுல இருக்கிற நீர் அதுக்குச் சத்து கொண்டுபோகும். தேய்ஞ்சது பழையபடி வளராது. ஆனா தொடைச் சதை பலமா இருந்தா வலி குறையும். நடங்க, பயிற்சி செய்யுங்க. மண்டி மட்டும் போடாதீங்க."

அன்றிலிருந்து மாதக்கணக்காக, காலையானால் மேஸ்திரி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பயிற்சி நடக்கிறது என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. சலவைச் சட்டையும் புன்னகையுமாக மேஸ்திரி வந்தார்.

"என்ன மேஸ்திரி, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!"

"இப்பவும் பொண்ணு குடுக்க ஆள் இருக்கு. இவதான் விட மாட்டேங்கிறா."

சிரிப்பு அடங்கியதும் காண்ட்ராக்டர் குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு தடவை மண்டி போட்டு எழுந்திருங்க. வேலை பாதியில நின்னா என் தலைதான் உருளும்."

வேண்டாம் என்று கத்த அவள் வாயெடுத்தாள். கணவரின் பார்வை அவளை அடக்கியது.

மண்டி போட்டு இறங்கிவிட்டார். எழ முடியவில்லை. கை சுவரைத் தேடியது; நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. காண்ட்ராக்டர் பாய்ந்து தூக்க, அவளும் ஓடிப்போய்த் தாங்கினாள். கையில் பட்ட தொடை சூம்பிக் கிடந்தது.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்னதான் பண்ணினீங்க?"

"படுத்திருந்தேன். காலை அசைக்காம."

"ஐயோ, ஏங்க?"

"புதுசா ஒட்டின டைல்ஸ் மேல யாராவது கால் வைப்பாங்களா? காய விட்டாத்தானே பிடிக்கும்? டாக்டர் சத்து போகும்னாரே, உள்ள ஏதோ பூசிக்கிட்டு வருது, அசைச்சா பேந்துடும்னு பயந்துட்டேன்டி."

ஈரத் தரையில் மிதித்ததற்காக ஊரையே விரட்டியவர், தன் காலையும் அப்படியே காவல் காத்திருக்கிறார்!

"தரைக்கு வேற ஆளைப் போடறேன் மேஸ்திரி," என்றார் காண்ட்ராக்டர், முகத்தைப் பார்க்காமல். "சுவர் டைல்ஸை நீங்க நின்னுக்கிட்டே ஒட்டலாம். ஆனா இந்தக் காலோட இல்ல. டாக்டர் சொன்னதைச் செஞ்சுட்டு, என் ஆபீசுக்கு நடந்து வாங்க. அப்போ பேசலாம்."

காண்ட்ராக்டர் வாசல் பக்கம் திரும்பினார். வழியனுப்ப அவள் நகர்ந்தபோது மேஸ்திரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இரு. நான் போறேன்."

தன் கையால் ஒட்டிய அந்த ஹால் தரையில், அது இன்னும் காயவில்லை என்பதுபோல், ஓரடி வைத்தார். நின்றார். இன்னோரடி வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தாங்கப் போகவில்லை.

வாசலைத் தாண்டிய காண்ட்ராக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்திருக்க வேண்டும். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும்வரை வாசலில் நின்று, மேஸ்திரி கதவைத் தானே சாத்தினார்.